துவைத்தவளின் கல்

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் அளவு எடுக்கும் வேலையில் அவள் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அவள் சுற்றுகிற தெருக்களில் எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா. வீட்டில் கணவரும் வேடிக்கைக்கு அப்படித்தான் கூப்பிடுவார். வேலை சுலபம் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். வாசல் குழியின் மூடியைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு எண்ணைப் படித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளில் நூற்றிருபது தடவை குந்தி எழுந்தால், அது எவ்வளவு சுலபம் என்று முழங்கால் சொல்லும்.

பழைய கட்டடம் பார்க்கும் பைத்தியம் பிடித்ததும் இந்த வேலையால்தான். அவள் பகுதியில் ஆள் குடியில்லாத மாளிகை ஒன்று இருந்தது. கூரை பாதி விழுந்துவிட்டது. வளைந்து ஏறும் மாடிப்படி மேலே போய் வெறும் வானத்தில் முடிந்தது. தண்ணீர் இணைப்பை யாரும் துண்டிக்காததால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய், மீட்டரைப் பார்த்து, ‘மாற்றமில்லை’ என்று எழுதியே ஆக வேண்டும். அந்த மீட்டர் பின்கட்டில், துணி துவைக்கிற கருங்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லின் நடுவில் ஒரு பள்ளம். எத்தனை வருடம், எத்தனை துணி அடித்து அடித்து அந்தப் பள்ளம் விழுந்திருக்கும் என்று அவள் ஒவ்வொரு முறையும் நினைப்பாள். முன்வாசலில் சுற்றுலாத் துறையின் பலகை ஒன்று நின்றது. ‘இந்த மாளிகையைப் பிரபு தம் கையாலேயே கட்டி எழுப்பினார்’ என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“தன் கையாலயாம்! அந்தக் கையில ஒரு காய்ப்பு இருந்திருக்குமா?” என்று பலகையிடமே கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏற ஆரம்பித்தாள். சுற்றுப்பட்டில் இருந்த பழைய தேவாலயங்கள், இடிந்த மாளிகைகள் ஒன்றையும் விடவில்லை. கணவர் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிறவர். ஆறு நாள் செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாள் தூங்கலாம் என்று நினைத்திருந்த மனிதர்.

“போன வாரம் பார்த்த சுவருக்கும் இந்தச் சுவருக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்பார்.

“அது விழுந்த சுவர். இது விழப்போற சுவர். சீக்கிரம் பார்த்துக்குங்க.”

போன இடத்திலெல்லாம் யாரோடாவது சண்டை போடாமல் அவள் திரும்பியதில்லை. ஒரு தேவாலயத்தில் மரச்சிற்பத்துக்குக் குளியலறை நீலத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்னொரு மாளிகையின் நடனக்கூடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். காவல்காரரைப் பிடித்து அவள் கேட்கிற கேள்விக்கு, பாவம், அவர் என்ன பதில் சொல்வார்? கணவர் நாலடி தள்ளி நின்று, தனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி கூரையைப் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் அவள் மனதுக்கு நெருக்கமானது, அவள் பகுதியிலேயே இருந்த இருநூறு வருடத் தேவாலயம். அதன் தரையில் பதினொரு கல்லறைக் கற்கள் பதித்திருந்தன. பீடத்துக்கு முன்னால் அந்த மாளிகையைக் கட்டிய பிரபுவின் கல், கட்டில் அகலத்துக்கு, வெள்ளைச் சலவைக்கல்லில். அங்கிருந்து வாசலை நோக்கி வர வர, கற்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஒரு கப்பல் சமையல்காரர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய் ஒரே கல்லின் கீழ் கிடக்கும் இரண்டு குழந்தைகள். கடைசிக் கல் வாசலை ஒட்டி இருந்தது. வருகிறவர் போகிறவர் மிதித்து மிதித்து, பெயர் இருந்த முதல் வரி தேய்ந்தே போய்விட்டது. மீதியை அவள் மண்டியிட்டுத் தடவித் தடவிப் படித்தாள்: ‘மாளிகையில் முப்பத்தொரு வருடம் துணி துவைத்தவள். கல்லை வைத்தவள் மகள்.’

அன்று அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தில் குந்தி உட்காருகிற அந்தப் பள்ளத்தை உண்டாக்கியவள் இவளாகத்தான் இருக்க வேண்டும். பதினொரு கல்லில் இருந்ததையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அந்த நோட்டு எப்போதும் வேலைப் பையிலேயே கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தெருவில் அளவெடுத்துக்கொண்டு வந்தபோது தேவாலய வாசலில் மணல் குவிந்திருந்தது. பக்கத்தில் டைல்ஸ் பெட்டிகள். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

பிரபுவின் கல்லை மெருகேற்றி, நாலு பக்கமும் பித்தளைக் கம்பம் நட்டுச் சங்கிலி போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த மூன்று கற்களைக் காணோம். அந்த இடத்தில் முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று டைல்ஸ். கொத்தனார் நாலாவது கல்லின் மேல் கொட்டுவதற்குக் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க! என்ன பண்றீங்க? இதெல்லாம் சமாதிங்க!”

கொத்தனார் கரண்டியோடு நிமிர்ந்தார். “சமாதியா? பழைய தளக்கல்லுன்னுதானே சொன்னாங்க?”

சத்தம் கேட்டு, சபைக் கமிட்டியின் செயலாளர் வந்தார். ஊரில் பெரிய டைல்ஸ் கடை அவருடையதுதான். அவளைப் பார்த்ததும் சிரித்தார். “மீட்டர் வெளியே இருக்கும்மா.”

“மீட்டர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்தக் கல்லையெல்லாம் ஏன் மூடறீங்க?”

“மேடு பள்ளமா இருக்கு. வயசானவங்க தடுக்கி விழறாங்க.”

“பிரபு கல்லு மட்டும் தடுக்காதா?”

“அது சரித்திரம். வெளியூர்லேருந்து பார்க்க வருவாங்க. இதெல்லாம் சும்மா யாரோ எவரோ.” சொல்லிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க நம்ம சபையே இல்லையே. உங்களுக்கு என்ன இதுல?”

யாரோ எவரோ! பேசினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. இந்த ஆள் முன்னால் அழுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். துவைத்தவளின் கல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“செத்தவங்க மேல உட்காரக் கூடாதும்மா, பாவம்,” என்றார் செயலாளர்.

“சிமெண்ட் போடலாம், உட்காரக் கூடாதா? எந்த ஊரு நியாயம் இது? போய்ப் போதகரைக் கூட்டிட்டு வாங்க.”

போதகர் சாப்பாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சாது மனிதர். “எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, படிக்கவே முடியலைன்னு சொன்னாங்க. அதனாலதான் கையெழுத்துப் போட்டேன்,” என்றார்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகப் படித்தாள். கப்பல் சமையல்காரர் எந்தக் கடலில் பிழைத்து வந்தார் என்பதைப் படித்தாள். ஆசிரியையைப் படித்தாள். அந்த இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு மூன்று வயது, மற்றதுக்குப் பதினோரு மாதம் என்று படித்தபோது கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்கம்மா இருக்கு அந்தக் குழந்தைங்க?”

அவள் டைல்ஸைக் காட்டினாள். “நீங்க மூடின மூணுல, மூணாவது.”

கொத்தனார் முகம் செத்துப்போனது. “ஐயா, இனிமே ஒரு கல்லு மேலயும் நான் கலவை போட மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்குங்க,” என்று போதகரிடம் சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

போதகர் வேலையை அத்தோடு நிறுத்தச் சொன்னார். எட்டுக் கற்கள் தப்பின. மூடிய மூன்றையும் பெயர்த்தால் அடியிலுள்ள கல்லும் சேர்ந்து உடைந்துவிடும் என்று கொத்தனாரே வருத்தத்தோடு சொன்னார். கப்பல் சமையல்காரரும் ஆசிரியையும் குழந்தைகளும் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

செயலாளர் சும்மா இருக்கவில்லை. வேலை நேரத்தில் வழிபாட்டு இடத்தில் புகுந்து தகராறு செய்தாள் என்று வாரியத்துக்குப் புகார் போனது. உதவிப் பொறியாளர் கூப்பிட்டு, “உங்களுக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?” என்றார். பத்தே நாளில் அவளை மேட்டுத்தெருப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பது படி. இருபத்திரண்டு வருடம் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதாதவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். புதுப்பித்த தேவாலயத் திறப்பு அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போனது போல அவள் வீட்டுக்கும் தபாலில் வந்தபோதுதான் தாங்க முடியவில்லை. ‘பழம்பெரும் கல்லறைக் கற்களைக் கண்ணின் மணியாகக் காத்தளித்த செயலாளர்’ என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தது, கூடவே அவர் படம். அவள் அதைக் கசக்கி எறிந்தாள். கணவர் பொறுக்கி, நீவி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒருமுறை படித்தவர் மறுபடியும் படித்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

“கிளம்பு.”

“எங்க?”

“எங்கேன்னு கேட்காதே. நோட்டை எடுத்துக்கோ.”

தேவாலய முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலடி தள்ளியே நின்று பழகிய மனிதர், அன்று நேராகப் போதகர் முன்னால் போய் அழைப்பிதழை நீட்டினார். “ஐயா, இதுல பொய் அச்சடிச்சிருக்கு. மூணு கல்லை உள்ளே போட்டு மூடினவர் காப்பாத்தினவராம். காப்பாத்தினவ மேட்டுத்தெருவுல படி ஏறிட்டிருக்கா. இதை நீங்க மேடையில படிக்கப் போறீங்களா?” 

செயலாளர் குறுக்கே வந்தார். போதகர் கையமர்த்தினார். “படிக்க மாட்டேன்,” என்றார். அதற்கு மேல் பேச அவருக்குத் தைரியமில்லை. ஆனால் திறப்பு நாளில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைப் படிக்கவில்லை. மூடிய மூன்று கல்லின் வாசகத்தையும் நோட்டைப் பார்த்துப் பக்கச்சுவரில் எழுத பெயிண்டர் ஒருவரை ஏற்பாடு செய்தார்.

எழுதி முடித்ததும் மீட்டரம்மா போய்ப் பார்த்தாள். பதினோரு மாதம் என்பதைப் பதினோரு வருடம் என்று எழுதியிருந்தார்கள். அங்கேயே நின்று திருத்த வைத்தாள். திருத்தியும் கோபம் ஆறவில்லை. சுவரில் எழுதினால் அடுத்த கமிட்டி வந்து வெள்ளையடிக்கும், கல்லில்தான் வெட்ட வேண்டும் என்று அன்றே போதகரிடம் சொன்னாள். அவர் பார்க்கலாம் என்றார். அடுத்த ஞாயிறும் போய்க் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.