எந்த ஜில்லா?

எங்கள் ஊர்ப் பக்கம் மாவட்டம் என்றால் ஒரு கலெக்டர் ஆபீஸ், ஒரு கோர்ட்டு, இரண்டுக்கும் நடுவில் பஸ் ஸ்டாண்டு. டில்லியில் அந்தக் கதையே கிடையாது. ஒரே நகரத்துக்குள் பல மாவட்டங்கள். கலெக்டருக்கு ஒரு கணக்கு, போலீசுக்கு ஒரு கணக்கு. ரோட்டைக் கடந்தால் மாவட்டம் மாறும்; ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று மாவட்டக் கோர்ட்டுகள் குடித்தனம் நடத்தும். இத்தனை வருஷமாக இங்கே மத்திய சர்க்காரில் வேலை பார்க்கும் எனக்கே இது மண்டையில் ஏறியதில்லை. என் மகள் வக்கீலான பிறகு அவள்தான் சாப்பிடும்போது விளக்குவாள், பாதி ஹிந்தியில்.

டில்லி ஆர்.கே.புரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஒரு போர்டு படிக்கத் தெரியாது. "காக்கா வந்தாள்" என்பாள். நான் கேலி செய்யாத நாளில்லை.

போன குளிர்காலத்தில், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற தமிழ்க்காரியின் தங்கை, புருஷனின் அடி தாங்காமல் யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் ஜுக்கிக் குடிசைக்கு ஓடிவந்தாள். அவன் அங்கேயும் வந்து கதவை உதைத்தான். அவன் கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு கேட்டு என் மகள் எங்கள் பக்கத்துக் கோர்ட்டில் மனுப் போட்டாள். இந்த மாதிரி வழக்கில், பெண் எங்கே தங்கியிருக்கிறாளோ அங்கேயே மனுப் போடலாம். தற்காலிகமாகத் தங்கினாலும் போதும். புருஷனின் வக்கீலோ, அவள் இங்கே வசிக்கவே இல்லை, வழக்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நடத்த வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அங்கே போனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் ஆட்கள் நடுவேதான் அவள் நடந்து போக வேண்டும். பயந்துபோய் வழக்கே வேண்டாம் என்று அவனிடமே திரும்பிவிடுவாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் மகளுக்கும் தெரியும்.

விசாரணை அன்று நான் லீவு போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி ஒரு அம்மாள். மனுப் போட்டவளையே கூப்பிட்டு, எந்த மாவட்டம் என்று ஹிந்தியில் கேட்டார். அவள் கைகட்டி நின்று, "விழுப்புரம் ஜில்லாங்க" என்றாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவளைச் சொல்லி என்ன செய்ய? டில்லித் தமிழரை யார் கேட்டாலும் சொந்த ஜில்லாதான் வாயில் வரும். என்னைக் கேட்டிருந்தால் நானும் தஞ்சாவூர் என்றுதான் சொல்லியிருப்பேன், தாலுகாவோடு சேர்த்து. எதிர்வக்கீலுக்கு வாயெல்லாம் பல். இங்கே இருப்பதாக அவளே சொல்லவில்லையே என்றார்.

என் மகள் பதறவில்லை. தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். மாவட்டம், விலாசம் என்று எதையும் இழுக்கவில்லை.

"ஆன்ட்டி, நேத்து ராத்திரி நீங்க எங்கே தூங்கினே?"

"அக்கா வூட்லதான் பாப்பா. வந்ததுலேர்ந்து கதவுக்கு முட்டு குடுத்தாப்ல முதுக வெச்சிக்கினு படுக்கறேன். அந்தாளு உதைச்சா மொதல்ல எனக்குத் தெரியணும் இல்ல? புள்ள உள்ள தூங்குது."

மகள் அதை ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் சொன்னாள். எழுந்திருக்கப் பார்த்த எதிர்வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஸ்டெனோவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்: வழக்கு இந்தக் கோர்ட்டிலேயே நடக்கும்; அடுத்த வாய்தா வரை புருஷன் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது.

எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. "பைட்டியே, மாதாஜி" என்று பியூன் உட்காரச் சொல்லி அதட்டினார்.

"வோ மேரி பேட்டி ஹை" என்றேன், அவள் என் மகள் என்று கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி.

மகள் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே அதட்டினாள். அதட்டட்டும். அடுத்த வழக்கைக் கூப்பிடும்வரை நான் உட்காரவில்லை.