பிஸ்கட்டுக்குள் வந்த ஆணி

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். சொல்லட்டும். ஆசையாகக் கடித்த பிஸ்கட்டில் ஆணி இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? என் மாமியாருக்கு வரவில்லை. அங்கேதான் தொடங்கியது எல்லாம்.

யுத்த காலம் அது. என் வீட்டுக்காரர் பொம்மிடி ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். ரயில்வே வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: அவர், அவருடைய அம்மா, நான். அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அப்போது நான் உண்டாகியிருந்தேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி இரண்டுமே தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை வீட்டில் யாரும் சத்தம் போட்டுக்கூடப் பேசவில்லை, என்னைத் தவிர.

வயிற்றில் எதுவும் நிற்காது. களி நிற்காது, கஞ்சி நிற்காது, மோர் நிற்காது. ரசம் கொதிக்கிற வாசனை வந்தாலே நான் கொல்லைக்கு ஓடுவேன். அத்தை என் பின்னாலேயே செம்பில் தண்ணீரோடு ஓடி வருவாள். தர்மபுரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்பிடியே போனா இதுவும் தங்காது. பிஸ்கட் கெடைச்சா குடுத்துப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாள். பிஸ்கட்டாம்! கடையில் மண்ணெண்ணெய்க்கே அடிதடி. பிஸ்கட்டெல்லாம் மிலிட்டரிக்காரனுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அந்த ரயிலே போகும்.

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. ஆனால் அந்த மனுஷன் ரயில் கார்டு ஒருவரைப் பிடித்துக் கெஞ்சிக் கூத்தாடி, பட்டணத்திலிருந்து ஒரு டப்பா பிஸ்கட் வரவழைத்துவிட்டார். சதுரமான தகர டப்பா. மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒன்று தின்றேன். நின்றது. இன்னொன்று தின்றேன். அதுவும் நின்றது. அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கொல்லைக்கு ஓடவில்லை என்று தெரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. பசி தீர்ந்தால் இப்படி அழுகை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படி நாலு நாள் நல்லபடியாகப் போனது. அப்புறம் ஒரு காலை, கடித்த கடியில் மண்டை வரைக்கும் ஜிவ்வென்று ஒரு வலி. துப்பினேன். உள்ளங்கையில் ஓர் ஆணி! பெட்டியடிக்கும் சின்ன ஆணி, பிஸ்கட் மாவோடு சேர்ந்து பதமாக வெந்திருந்தது.

"அட பாவிகளா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சவரத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். அத்தையும் வந்தாள். ஆணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததே பார்க்க வேண்டும்!

"நல்ல மனுசங்கடா சாமி. முறை தெரிஞ்சவங்க" என்றாள்.

அத்தை பிறந்தது சித்தேரி மலையடிவாரத்து ஊர். அந்தப் பக்கம் காட்டுவழியில் சோறோ கறியோ எடுத்துப் போனால் சட்டிக்குள் ஒரு இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போட்டுத்தான் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் சோற்று வாசனைக்குக் காத்துக் கருப்பு கூடவே வீடு வரைக்கும் வந்துவிடும். தின்னப்போவது பிள்ளைத்தாச்சி என்றால் கேட்கவே வேண்டாம். இந்த டப்பா வந்த நாளிலிருந்தே அத்தைக்கு அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. பட்டணத்திலிருந்து ராத்திரியெல்லாம் ரயிலில் வந்த பண்டமாயிற்றே. எத்தனை சுடுகாட்டைத் தாண்டி வந்ததோ! நான் தின்கிற சந்தோஷத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"அத்தே, இது மிஷின்லேர்ந்து கழண்டு வுழுந்த ஆணி. என் பல்லு போயிருக்கும்!"

"போகலையே கண்ணு. காவலுக்குப் போட்ட ஆணி எங்கனா கடிக்குமா? ஆனா கரியக் காணோமே..." என்று டப்பாவைத் துழாவினாள். ஒரு பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் கருகியிருந்தது. "இதா! கரியும் வச்சிருக்காங்க பாரு!"

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? அத்தைமேல் காட்ட முடியாது. வீட்டுக்காரர்மேல் காட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. கம்பெனிமேல் காட்டினேன். நான் சேலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷில் திட்டத் தெரியும். மேனேஜருக்கு நான் எழுதிய கடிதம் இரண்டு பக்கம் போனது. கர்ப்பிணிப் பெண்ணைக் கொல்லப் பார்த்தீர்கள் என்றேன். கலெக்டர் வரைக்கும் போவேன் என்றேன். டப்பாவில் உள்ள அத்தனை பிஸ்கட்டும் மனுஷர் தின்ன லாயக்கில்லாதவை என்றேன். இதை வலது கையால் எழுதும்போது இடது கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. தின்னாமல் என்ன செய்ய? உடைத்து உடைத்துப் பார்த்துத் தின்றேன். கையெழுத்து மட்டும் அவர் போட்டார்.

பதில் சீக்கிரமே வந்தது. மிகவும் வருந்துகிறோம், இப்படி ஒருபோதும் நடந்ததில்லை, அந்த ஆணியை அனுப்பி வைத்தால் பரிசோதித்து, குறை எங்களுடையதானால் புது டப்பா அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள். புது டப்பா! பழைய டப்பாவில் அதற்குள் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. கார்டைக் கேட்டால் இனி கடவுளே வந்து கேட்டாலும் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். வயிற்றில் இருப்பது தங்குவதும் தங்காததும் அந்தப் புது டப்பாவில் இருந்தது.

ஆனால் ஆணி அத்தையிடம் இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து என் தலைமாட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டிருந்தாள். நான் கொல்லைக்குப் போனால் அதுவும் அவள் கையில் பின்னாலேயே வரும்.

"அம்மா, அந்த ஆணியக் குடு. கம்பெனிக்காரன் கேக்கறான்" என்றார் அவர்.

"குடுத்ததத் திருப்பிக் கேப்பாங்களா? போடா!"

"பரிசோதனை பண்ணணுமாம்."

"ரெண்டு போச்சேடா. இது நிக்குதுன்னா எதனால நிக்குது? நான் உசிரோட இருக்கற வரைக்கும் அத அவுக்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அத்தை அழுத குரலில் சொன்னதற்கு மேல் நான் என்ன பேசுவேன்? மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு அங்கே செல்லவில்லை.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு திருட்டுத்தனம் செய்தார். கூட்ஸ் ஷெட்டில் உடைந்து கிடந்த பெட்டி ஒன்றிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, துடைத்து, எனக்குக்கூடக் காட்டாமல் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார். கம்பெனியிலிருந்து வந்த பதிலில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. தாங்கள் அனுப்பிய ஆணி கிடைத்தது, அது எங்கள் பிஸ்கட்டைவிட நீளமாக இருக்கிறது, அது எப்படி உள்ளே இருந்திருக்கும் என்பதைத் தயவுசெய்து விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

"ஏங்க, ஒரு ஆணிகூடப் பாத்துப் பொறுக்கத் தெரியாதா உங்களுக்கு? தண்டவாளத்தப் பேத்து அனுப்பாம வுட்டீங்களே, அது வரைக்கும் புண்ணியம்!" என்று கத்தினேன்.

"அவசரத்துல கைக்கு வந்தத எடுத்தேன்" என்றார். பாவம், அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் குமட்டியது. கொல்லைக்கு ஓடினேன்.

டப்பா காலியானது. அடியில் கிடந்த தூளைக்கூட நாக்கால் ஒற்றித் தின்றேன். மறுபடியும் கஞ்சி, மறுபடியும் கொல்லை. எழுந்து நின்றால் சுவர் சுற்றியது. ஒருநாள் மத்தியானம் தண்ணீர்ப் பானைக்குக் கையை நீட்டியவள் அப்படியே சரிந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது என் தலை அத்தையின் மடியில் இருந்தது. அவள் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலில் தொங்கிய மஞ்சள் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது அத்தை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தாடா. கேட்டவனுக்கே அனுப்பு. புள்ள பசியில கெடக்கறப்ப இத வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னால் அவள் பக்கம் போக முடியவில்லை. போயிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். அடுப்பு அணைந்திருக்கும்.

ஒரு விளக்கமும் எழுதாமல் ஆணியை மட்டும் அனுப்பினோம். இந்தத் தடவை கம்பெனிக்காரன் ஒப்புக்கொண்டான். பார்சல் வந்த அன்று போர்ட்டரை நம்பாமல் அவரே அதைத் தோளில் தூக்கி வந்தார். முன்னதைவிடப் பெரிய டப்பா. அதே கன்னம் உப்பிய குழந்தை. கூடவே ஒரு கடிதம். அவர் அதை நிமிர்ந்து நின்று, இங்கிலீஷில் ஒரு வரியும் தமிழில் ஒரு வரியுமாக வாசித்தார்.

"இந்த டப்பாவில் உள்ள ஒவ்வொரு பிஸ்கட்டையும் எங்கள் ஆட்கள் கையால் சோதித்திருக்கிறார்கள். இதில் இரும்பு என்பது துளிகூடக் கிடையாது என்று உறுதி கூறுகிறோம்."

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"துளி கூடவா?" என்றாள்.

"துளிகூட இல்லம்மா!" என்றார் அந்த அப்பாவி, பெருமையாக.

அத்தை ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கருகலும் இல்லை. பொன்னாக வெந்திருந்தது. இனி ஒன்றையும் தின்ன விடமாட்டாள் என்றே நினைத்தேன். எனக்கோ டப்பா திறந்த வாசனைக்கே வாய் ஊறிக்கொண்டிருந்தது. சண்டைக்குத் தயாராகிவிட்டேன். இங்கிலீஷில் எழுதியதையெல்லாம் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அத்தை இடுப்பில் கையை விட்டாள். அங்கே அவள் சுருக்குப்பை இருக்கும், அதற்குள் அவளுடைய பாக்குவெட்டி இருக்கும். கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. நல்ல கனத்த இரும்பு. வெற்றிலை இல்லாமல் அத்தைக்குப் பொழுது விடியாது. பாதிப் பல்லை வைத்துக்கொண்டு அந்தப் பாக்குவெட்டியால்தான் அவள் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். பிஸ்கட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

"இப்ப தின்னு கண்ணு" என்றாள்.

தின்றேன். நின்றது.

அதற்கப்புறம் டப்பாவுக்குள் கையை விடும்போதெல்லாம் பாக்குவெட்டி என் விரலில் இடிக்கும். பிஸ்கட் முழுக்கப் பாக்கு வாசனை, புகையிலை வாசனை, போதாக்குறைக்குக் கரித்தூள். இதைப் பற்றி எந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதுவது? பிஸ்கட் தீர்ந்து, எனக்குக் கஞ்சி நிற்க ஆரம்பித்த பிறகும் பாக்குவெட்டி வெளியே வரவில்லை. காலி டப்பா என் தலைமாட்டுக்கு வந்தது. அதற்குள் அது கிடந்தது. கொல்லையில் அத்தை கொட்டைப்பாக்கைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் டொக்டொக்கென்று இடிப்பாள். "வேற பாக்குவெட்டி வாங்கித் தரேம்மா" என்று அவர் சொன்னதற்கு, "என் கை அதுக்குத்தான் பழகியிருக்குது. புள்ள பொறக்கட்டும், எடுத்துக்கறேன்" என்றாள். இரண்டு தடவை கல் விரலில் விழுந்து நகம் கறுத்துப்போனது. சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தூங்குவேன்.

மகள் பிறந்தாள். கன்னம் ஒன்றும் உப்பவில்லை, ஆனால் குரல் என் குரல். ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது என்று போர்ட்டர் சொன்னான். அத்தை அவளைக் குளிப்பாட்டி என் பக்கத்தில் கிடத்தினாள். அப்புறம் டப்பாவைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கறுத்துப்போன நகத்தோடு, ஒரு பாக்கை மெல்லிசாகச் சீவிக்கொண்டேயிருந்தாள்.