கம்பளிக்குத் தீட்டில்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லுவாள். புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கிய பிறகு அந்த மூக்கு அவளுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டில் நான் கடுகு தாளித்தால், கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறவளுக்குக் குமட்டும். என் ஷேவிங் கிரீம் ஆகாது. துணி சோப்பின் வாசனை ஆகவே ஆகாது. வாசனையே இல்லாத சோப்பைத் தேடி நாலு கடை ஏறி இறங்கினேன்.

குளிர் வேறு. ஹீட்டரை ஏற்றினால் எங்கள் மகளுக்கு வேர்த்துக் கொட்டும். இவளுக்கு மட்டும் உடம்பு நடுங்கும். கம்பளியைப் போர்த்தினால், "ஐயோ, நனைஞ்ச ஆடு பக்கத்துல படுத்திருக்கற மாதிரி இருக்குங்க, எடுங்களேன்" என்று தள்ளிவிடுவாள். அது பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்தது. பாலியஸ்டர் போர்வையில் ஒரே புழுக்கம். நான் எரிந்து விழுந்தேன்.

"என்னதான்டி வேணும் உனக்கு?"

உடம்பு முடியாதவளிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டேனே, பாவி. இன்றைக்கும் அது குத்துகிறது.

அந்த வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, அல்பாகா போர்வை வாங்கிப் பாருங்கள் என்றாள். ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணினால் அல்பாகா வளர்க்கிற ஒரு பண்ணை. மூவரும் போனோம். ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தமாம் அந்தப் பிராணி. நீளக் கழுத்தும் நெற்றியில் விழும் முடியுமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்தது.

"உங்க பெரியப்பா மாதிரியே பாக்குது" என்றாள் மனைவி. ரொம்ப நாளைக்கப்புறம் மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பண்ணைக்காரப் பெண்மணி பொறுமையாக விளக்கினாள். ஆட்டு ரோமத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை இதில் இல்லை. அதனால் அரிப்பு குறைவு. இழைக்குள்ளே காற்று தங்குவதால் கனமே தெரியாது, சூடு மட்டும் நிற்கும். தரை விரிப்பாக நெய்தாலும் வெறுங்காலுக்கு மெத்தென்று இருக்கும். வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. கொஞ்ச நேரம் காற்றாட விரித்துப் போட்டால் போதும்.

என் மனைவி ஒரு போர்வையை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தாள். "ஒரு வாசனையும் இல்லீங்க!" என்றாள். லாட்டரி விழுந்தவள் குரல் அது. பழுப்பு நிறத்தில் அந்தப் போர்வையும், கட்டிலடிக்கு ஒரு சின்ன விரிப்பும் வாங்கினோம்.

ஏழு மாதம் அந்தப் போர்வைக்குள்தான் இருந்தாள். பாதமெல்லாம் மரத்துப்போன நாட்களில் விரிப்பில் காலை ஊன்றி உட்கார்ந்திருப்பாள். மார்ச் மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டிலேயே, அதைப் போர்த்தியபடியே போய்விட்டாள்.

எல்லாம் முடித்து வீடு திரும்பினோம். கீழ் வீட்டு ஆன்ட்டிதான் அத்தனை மாதமும் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர். வாசலிலேயே நிறுத்தினார். "ரெண்டு பேரும் நேரா குளிக்கப் போங்க. அவ புழங்கின துணியெல்லாம் நான் வாஷர்ல போட்டுடறேன்பா. தீட்டு."

தலையாட்டினேன். அவர் அந்தப் போர்வையில் கை வைத்ததும்தான் எனக்குச் சுரீரென்றது.

"அத தொடாதீங்க!"

ஆன்ட்டி பயந்துபோனார். சாஸ்திரம் என்றாலே முகத்தைச் சுளிக்கிறவன் நான், அன்றைக்கு வக்கீல் மாதிரி சாஸ்திரம் பேசினேன். "கம்பளிக்குத் தீட்டு கிடையாது ஆன்ட்டி. நீங்களே சொல்லியிருக்கீங்க."

"பட்டுக்கும் கம்பளிக்கும் இல்லதான். ஆனா இது ஆடு இல்லையேப்பா?"

"ஆடோ ஒட்டகமோ, ரோமம் ரோமம்தான்!"

ஆன்ட்டி போர்வையை மடித்து என் கையில் கொடுத்தார். நைட்டிகள், தலையணை உறை, முடி கொட்டிய பிறகு தலையில் கட்டியிருந்த காட்டன் துணி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போர்வையை வெளியே எடுத்தேன். அவள் வாசனைக்காகத்தான் அதைக் காப்பாற்றி வைத்தேன், வேறெதற்கு? முகத்தைப் புதைத்தேன். ஒன்றுமில்லை. உதறினேன், புரட்டினேன், கழுத்தோரம் இருந்த விளிம்பைத் தேடினேன். பண்ணையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

"சனியனே, ஏழு மாசம் அவகூட இருந்தியே!" என்று துணியைப் பார்த்துக் கத்தினேன்.

மகள் ஓடி வந்தாள். நான் போர்வையைப் பிடித்திருந்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கை வைத்தாள். "அப்பா, இட் டஸன்ட் ஹோல்ட் ஸ்மெல்ஸ்" என்றாள் மெதுவாக. "தட்ஸ் வை அம்மா லவ்ட் இட்."

அலமாரியில் ஆன்ட்டி மடித்து அடுக்கிய நைட்டிகள் இருந்தன. பருத்தி எல்லா வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைகூட இல்லை. நாலு கடை ஏறி இறங்கி அந்தச் சோப்பை வாங்கி வந்தவன் நான்தான்.