குக்கீயை அழித்தேன், கூடவே வேறொன்றையும்

என் லப்டொப்புக்கு என் வயதில் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் காது கேட்கும் கருவி விளம்பரம். செய்தி வாசிக்கப் போனாலும் அதுதான். மாத்தளையில் நாளைக்கு மழையா என்று பார்க்கப் போனாலும் அதுதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. காதில் எந்தக் குறையும் இல்லை.

இது குக்கீயின் வேலை என்று தெரியும். நாம் ஒரு தளத்துக்குப் போனால் அது நம் பிரவுசரில் சிறு குறிப்பொன்றை விட்டுவைக்கிறது, அடுத்த முறை நம்மை அடையாளம் காண. அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தளத்தில் இடம்பிடித்திருக்கும் விளம்பரக்காரரும் தன் பங்குக்கு ஒன்றை வைத்துவிட்டு, போகிற இடமெல்லாம் பின்னால் வருகிறாரே... அதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ.

குரோமில் செட்டிங்ஸுக்குப் போய் எல்லாக் குக்கீயையும் அழித்தேன். ஃபயர்பொக்ஸில் தனியாக அழித்தேன். ஒன்றில் அழித்தால் மற்றதில் அழியாது, கவனிக்க.

இரண்டு நாளில் குரோமில் விளம்பரம் திரும்பிவிட்டது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது.

வேறு யாராவது என் லப்டொப்பில் தேடுகிறார்களோ? வீட்டில் நானும் மனைவி ஸ்டெல்லாவும்தான். கூடத்தில் இருந்தபடியே சமையலறையில் நின்றவளிடம் கேட்டேன். பதில் இல்லை. சரி, அவள் இல்லை என்று முடிவு செய்து மூன்றாவது முறையும் அழித்தேன்.

அன்று மாலை ஸ்டெல்லா லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் கடைப் பக்கத்துல பார்த்துத் தெரிவு செஞ்சு வச்சதெல்லாம் திரும்பவும் காணோம். நீங்களா அழிக்கிறீங்க?"

எதைத் தெரிவு செய்து வைத்தாய் என்று கேட்டேன். இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"கீபோர்ட்ல சுருதி குடுக்கிறது எனக்குக் கேக்கலீங்க. பக்கத்துல நின்னு பாடுற மெர்சியோட வாயப் பார்த்துத்தான் பாட்டத் தொடங்குறேன். ஃபாதருக்குத் தெரிஞ்சா பின்வரிசைக்கு அனுப்பிருவாரு."

எங்கள் கோயில் பாடற்குழுவில் முதல் குரல் ஸ்டெல்லாதான். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே. ஞாயிறு பூசையில் அந்த இடம் போய்விட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

கேட்டேன். கூடத்தில் இருந்து.

பதில் சொல்லாமல் நகர்ந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் இணையத்தளங்களை முன்பு இதே பத்திரிகைப் பத்தியில் திட்டியிருக்கிறேன். நானோ பதில் வராததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். பெரிய வித்தியாசமா?

அன்றே குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீயை மட்டும் தடுத்தேன். ஃபயர்பொக்ஸில் பாதுகாப்பைக் கடுமையான நிலைக்கு மாற்றினேன். மொத்தமாக அழிப்பதை நிறுத்தினேன். அழித்தால் நம்மைத் துரத்துகிறவரின் குறிப்போடு, நமக்கு வேண்டியதும் போய்விடுகிறது. ஸ்டெல்லா பழையபடி தேடித் தெரிவு செய்து வைத்தாள். இந்த முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பிறகு கண்டிக்குப் போய்க் காதைச் சோதித்துக் கருவி வாங்கினோம். முடிக்குள் மறைந்துவிடும் அளவு சிறியது.

போன ஞாயிறு அவள் மெர்சியின் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டைச் சரியான இடத்தில் எடுத்தாள். சந்தோஷத்தில் நானும் சபையோடு சேர்ந்து உரக்கப் பாடினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் எப்படி இருந்தது என்று கேட்டேன். எல்லாம் தெளிவாகக் கேட்டதாம்.

"நீங்க பாடுனதும் கேட்டுச்சு. அடுத்த வாரம் வாய மட்டும் அசைங்க."