எல்லாரும் நல்லவர்களான வாரம்

குழம்புச் சட்டிகளின் மூடியை யோஸ்ட் தானே திறந்துதான் பார்ப்பார். என் கடைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இவர் கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறி, கீழே கிடப்பதும் மேலே மிதப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பார். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்.

"அக்கா, இது இன்னைக்கு? நேத்து?"

"இன்னைக்குக் காலையில வெச்சது."

"காலைல எப்போ?"

போலீஸ்காரர்கூட என்னை இப்படி விசாரித்ததில்லை. விசாரணை முடிந்ததும் வாங்கிவிட மாட்டார். பக்கத்து மேசையில் அதே குழம்பைச் சாப்பிடுகிறவரின் நெற்றியைக் கவனிப்பார். நெற்றி வியர்த்திருந்தால் சட்டியை மூடிவிட்டு அடுத்த சட்டிக்குப் போவார். "காரமே இல்லைங்க" என்று நான் சொல்வதை அவர் நம்புவதில்லை. அதில் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாங்கள் காரமில்லை என்று சொல்வது எங்கள் நாக்கை வைத்துத்தானே.

இந்த 'அக்கா'வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யோஸ்ட் என்னைவிட நன்றாகவே மூத்தவர். தலையில் மிச்சமிருக்கும் முடி பூராவும் வெள்ளை. தாய்லாந்தில் மரியாதையாகப் பேச வேண்டுமென்றால் எல்லாரையும் அக்கா, அண்ணன் என்று கூப்பிடு என்று எந்தப் புத்திசாலியோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். முதல் நாள் கூட்டமாயிருந்த கடையில் அவர் என்னை அக்கா என்றதும், இறால் உரிக்கும் பெண்கள் தட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. மறுநாளிலிருந்து நானும் அவரை 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தேன். இத்தனை வருடத்தில் அதில் ஒரு குறும்பு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் சந்தேகப்படாமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

ஊர் ஹாலந்து. அவர் பெயரின் வால் எங்கள் வாயில் நிற்காது. அதனால் எங்களுக்கு அவர் யோத். எங்கள் மொழியில் யோத் என்றால் பதவி, பட்டம். குளிர்கிடங்கில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பொருத்தமான பெயர்தான் என்று எல்லாரும் திருப்திப்பட்டுக்கொண்டோம். கணவாயும் இறாலும் உறைந்து கப்பலேறும் வரைக்கும் அந்தக் குளிர் அவர் பொறுப்பு.

சந்தேகத்தில் நாங்களும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. வெள்ளைக்காரர் என்றால் தெற்கே ஏதாவது தீவில் தென்னை மரத்தடியில் படுத்திருக்க வேண்டும். மீன் கழிவு நாறும் எங்கள் மகாச்சாயில், ரயில் தண்டவாளத்தை ஒட்டின சந்தில், தகரக் கூரை வீட்டில் ஒருவர் தானாக வந்து குடியிருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ வங்கியை ஏமாற்றிவிட்டு வந்தவர் என்றார்கள். பெண்டாட்டியைக் கொன்றவர் என்றார்கள். என் பங்குக்கு நானும், ராத்திரியெல்லாம் அவர் வீட்டில் விளக்கு எரிகிறது என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். விளக்கு எரிந்ததற்குக் காரணம் கொசு வேட்டை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆளைக் கண்டால் "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்பது எங்கள் வழக்கம். பதில் யாருக்கும் தேவையில்லை. "சும்மா, அந்தப் பக்கம்" என்றால் போதும். யோஸ்ட் இதை வேவு என்று எடுத்துக்கொண்டார். காலையில் வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா கேட்கிறார், சந்து முனையில் மோட்டார் சைக்கிள் சவாரி ஓட்டுகிறவர் கேட்கிறார், கடையில் நான் கேட்கிறேன். ஒரே கேள்வியை இத்தனை பேர் கேட்டால் மேலே யாரோ ஒருவர் இருந்து கேட்கச் சொல்கிறார் என்றுதானே ஆகிறது? அதனால் அவர் ஆளுக்கொரு பதில் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்காரம்மாவிடம் ஆஸ்பத்திரி, மோட்டார் சைக்கிள்காரரிடம் கோயில், என்னிடம் பாங்காக். எந்தப் பொய் எந்த வழியாகத் தன்னிடம் திரும்பி வருகிறது என்று பார்த்து ஒற்றனைப் பிடிக்கத் திட்டம். சாயங்காலம் வீட்டுக்காரம்மா கஞ்சியோடு போய் நின்றுவிட்டார், "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று. அந்தக் கஞ்சியையும் அவர் கிளறிப் பார்த்துத்தான் குடித்தாராம்.

கோயிலுக்குப் போனால் செருப்பை வாசலில் விட மாட்டார். பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புத்தருக்கு முன்னால் உட்காருவார். வழி கேட்டால் மூன்று பேரிடம் கேட்பார். அதற்குக் காரணம் உண்டு. தெரியாது என்று ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனசு வராது, ஏதாவது ஒரு பக்கமாகக் கையைக் காட்டிவிடுவோம். வந்த புதிதில் யாரோ அப்படிக் காட்டிய கையை நம்பி, குடிவரவு அலுவலகத்தைத் தேடிப் போய் உப்பளத்தில் நின்றிருக்கிறார். அதிலிருந்து மூன்று பேரைக் கேட்டு, இரண்டு பேர் சொன்ன பக்கம் போவார்.

ஆனால் அவரை உண்மையாகவே கெடுத்தது 'க்ராப்'தான்.

எங்கள் ஆண்கள் எந்தப் பேச்சுக்கும் முடிவில் 'க்ராப்' என்பார்கள். 'சொல்லுங்க, காதுல விழுது' என்பதுதான் அதற்குப் பொருள். யோஸ்ட் அதை 'செய்கிறேன்' என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் யோஸ்ட், கிடங்கு மேஸ்திரி புஞ்சூவிடம் ஒரு வால்வை மூடச் சொன்னார். புஞ்சூ "க்ராப்" என்றார். மூடக் கூடாத வால்வு அது என்று புஞ்சூவுக்குத் தெரியும். அதைத் துரையின் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூடாது என்றும் தெரியும். அதனால் வால்வையும் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை. வால்வு மூடியாயிற்று என்று நம்பி யோஸ்ட் இயந்திரத்தை ஓட்ட, கடைசியில் வேறொரு குழாய் அடைத்துக்கொண்டு ஓர் அறைக் கணவாய் முழுக்க இளகிப்போனது.

"ஏன் முடியாதுன்னு சொல்லலே?" என்று யோஸ்ட் என் கடையில் வைத்தே கேட்டார்.

"உங்க மனசு நோகுமே, ஐயா."

"கணவாய் போச்சே."

"க்ராப்" என்றார் புஞ்சூ.

அன்றிலிருந்து யோஸ்ட் எதையும் இரண்டு தடவை சொல்வார், கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார், அப்புறம் பின்னாலேயே போய்ப் பார்ப்பார். ஆட்கள் அவருக்கு 'ரெண்டு வாட்டி யோத்' என்று பெயர் வைத்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் கேலி பேசியிருக்கிறேன். இந்த மழைக்காலத்தில்தான் இருட்டுக்குள் நிஜமாகவே ஒன்று வந்து நின்றது.

செய்தியைக் கொண்டுவந்தவள் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாருணி. கூட்டம் ஓய்ந்த நேரத்தில் வந்து, எதுவும் வாங்காமல் கீரைக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"யோத் ஐயாவுக்கு வேலை இந்த மாசத்தோட சரியாம் அக்கா. புது மிஷின் வருது, ஆளே வேண்டாமாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"முதலாளிக்குச் சொல்ல வாய் வரல. அவரா புரிஞ்சுக்குவாருன்னு இருக்காரு."

"எப்படிப் புரிஞ்சுக்குவாரு? மூடி திறந்து பாக்கற மாதிரியா?"

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் வேலை போயிடும்." சொல்லிவிட்டுக் கீரைக்கட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

வேறு யாருக்காவது என்றால் ஒரு வேலை போனால் இன்னொன்றைத் தேடிக்கொள்ளலாம். வெளிநாட்டுக்காரருக்கு அப்படி இல்லை. வேலை அனுமதி முதலாளியின் கையெழுத்தில் தொங்குகிறது. அது அறுந்தால் ஊரில் தங்கும் உரிமையும் சேர்ந்து அறும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதற்குள் வேறொரு முதலாளி கையெழுத்துப் போட்டால் தப்பிக்கலாம். மகாச்சாயில் குளிர்கிடங்குக்கா பஞ்சம்? ஆனால் தேடுவதற்கு நாள் வேண்டும். நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவர் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. ஹாலந்தில் அவருக்கு வீடு இல்லை. விற்றுவிட்டுத்தான் வந்தார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "மழை இருக்கு" என்றார்.

விஷயம் இரண்டு நாளில் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எல்லாரும் அவரிடம் நல்லவர்களாகிவிட்டார்கள். புஞ்சூ, சொன்ன வேலையைச் சொன்ன மாத்திரத்தில் செய்தார். மோட்டார் சைக்கிள்காரர் கூப்பிடாமலேயே வந்து வீட்டு வாசலில் நின்றார். வீட்டுக்காரம்மா ஒழுகும் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார், அதுவும் போகப்போகிறவருக்கு. முதலாளி பழக்கூடை அனுப்பினார்.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். எங்கள் தாட்சண்யம் அடுத்தவர் தனத்தையும் சேர்த்து நாசம் பண்ணும். அந்த வாரம் முழுக்க எனக்கும் அதே கதைதான். சொல்லலாமென்று வாயெடுத்தால் வாருணியின் முகம் வந்து நிற்கும். அந்த வாருணி மேலேயே எனக்குச் சந்தேகமும் வந்தது. இந்தச் சந்தில் என்னிடம் ஒன்றைச் சொன்னால் அது ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி என்பது அவளுக்குத் தெரியாதா? யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொன்னதற்கு, சொல்லாதே என்றுதான் அர்த்தமா? அல்லது அவரிடம் போய்ச் சொல், ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே என்று அர்த்தமா? எங்கள் பேச்சு எங்களுக்கே இப்படியென்றால், பாவம், வெளியூர்க்காரர் என்ன செய்வார்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். ஒரு மூடியையும் திறக்கவில்லை. கடைசி மேசையில் போய் உட்கார்ந்து, முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"என்ன போடட்டும், தம்பி?"

"எது வேணா. அக்கா, ஃபேக்டரில எல்லாரும் நல்லவங்க ஆயிட்டாங்க."

"நல்லதுதானே."

"நல்லது இல்லே. புஞ்சூ இப்ப 'முடியும்'னு சொல்றான், முடியுது. பின்னாடி போய்ப் பாத்தேன், நிஜமா முடிச்சிருக்கான். ஒம்பது வருஷத்துல இப்படி இல்லே."

"மனுஷன் திருந்தக் கூடாதா?"

"முதலாளி பழக்கூடை குடுத்தாரு. எல்லாத்தையும் எடுத்துட்டு அடியில பாத்தேன்." குரலைத் தாழ்த்தினார். "அடியிலயும் நல்ல பழம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏதாவது செய்தால்தான் ஆகும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வாருணி கேக்கறா, இந்த ஊருச் சாப்பாட்டுல எது ரொம்பப் பிடிக்கும். ஏன் இப்ப கேக்கறா? வீட்டுக்காரம்மா கூரை போடறாங்க. ஏன் இப்ப? அக்கா, நான் யாரையும் நேரா கேக்கலே. கேட்டா எல்லாரும் ஒண்ணுமில்லேன்னு சொல்லுவாங்க. அதனால சும்மா பாத்துட்டே இருக்கேன்."

நான் துளசிக்கீரையும் பன்றி இறைச்சியும் வதக்கிச் சோற்றின் மேல் கொட்டினேன். மிளகாயைக் குறைத்தேன். கை அதோடு நிற்கவில்லை. ஒரு முட்டையை எடுத்துக் காய்ந்த எண்ணெயில் உடைத்து, ஓரம் முறுகவும் நடு இளகியும் இருக்கும்படி எடுத்து மேலே வைத்தேன். தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது.

யோஸ்ட் முட்டையைப் பார்த்தார்.

"முட்டை கேக்கலே."

"சும்மாதான்."

"சும்மாவா?" அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் நல்லவங்க ஆயிட்டீங்களா, அக்கா?"

பதினைந்து சட்டிக் குழம்பை ஒரே ஆளாக இறக்கி வைக்கிற எனக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. ரயில் ஒன்று வந்தது. அது கடந்து போகிற வரைக்கும் எனக்கு அவகாசம் கிடைத்தது. போய் முடித்ததும் நான் நின்ற இடத்திலிருந்தே, கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"பாலத்துக்கு அந்தாண்ட ஒரு இறால் கிடங்கு இருக்கு. நீலக் கதவு. மிஷின் தெரிஞ்ச ஆளுக்கு அலையறாங்கன்னு அங்க வேலை செய்யற பொண்ணுங்க சாப்பிட வந்தப்ப பேசிக்கிட்டாங்க."

"யாருக்கு வேலை வேணும்னு எங்கிட்ட சொல்றீங்க?"

"நாளைக்குப் போகாதீங்க. இன்னைக்கே போங்க. சாப்பிட்டுட்டு நேரா போங்க."

அவர் என் முகத்தில் எதையோ தேடுகிறவர் மாதிரி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்து மழுப்பவில்லை. பிறகு கழுத்தில் தொங்கிய தொழிற்சாலை அட்டையைத் தலைவழியாகக் கழற்றினார். நாடாவை அட்டையைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். பையின் பொத்தானை மாட்டிவிட்டு, முட்டையை உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.