ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது

நான் சும்மா உட்காரத் தெரியாதவள். பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் சரி, பரீட்சைத் தாள் திருத்தினாலும் சரி, கால் ஆடிக்கொண்டே இருக்கும். கண் இடது மணிக்கட்டுக்குப் போய்ப் போய் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அப்போது அந்த மணிக்கட்டில் ஒரு கடிகாரம் இருந்தது. அது போலி என்று எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தலைகீழாக விரித்த குடைக்குள் சாமான் பரப்பி விற்றவரிடம் வாங்கியது. கொழும்பிலிருந்து படகில் வந்த சரக்கு என்றார். புளியங்கொட்டை அளவு முகம், பாலாடை நிறம், மெல்லிய இரண்டு பொன் முட்கள், நடுவில் பணக்காரர்கள் மட்டுமே கட்டும் ஒரு சுவிஸ் கம்பெனியின் பெயர். பட்டை மாற்றப் போன இடத்தில் ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேரு மட்டுந்தாம்மா சீமை. உள்ள அம்புட்டும் தகரம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் பின்னால போகும்."

போனால் போகட்டும் என்று கட்டிக்கொண்டேன். அந்த விலைக்கு ஒழுங்காக ஓடும் சாதாரணக் கடிகாரம் கிடைத்திருக்கும். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. கரும்பலகையை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதும்போது, அந்தப் பொன் பட்டை வளையலோடு சரிந்து வந்து நிற்கும். வளையல் அம்மா போட்டுவிட்டது. கடிகாரம் நானே போட்டுக்கொண்டது. அதைப் பார்த்தால் எனக்கு முதுகு நிமிரும், அவ்வளவுதான்.

பின்தங்குவதற்கும் வைத்தியம் வைத்திருந்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு நூல் ஆலையில் சங்கு ஊதும். முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. பள்ளிக்கும் லீவுதானே, யார் மணி கேட்கப் போகிறார்கள்?

தங்கையின் நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தொப்பம்பட்டிப் பக்கம்; பஸ் தாமதமாகி நாலு மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைச் சகுனம் சரியில்லை என்று கைவிட்டவர்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

தட்டைக் கையில் எடுக்கப் போன மாப்பிள்ளையின் தாய்மாமன் தன் பழைய கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏனுங்க, என்ற வாட்சுல நாலு முப்பத்தஞ்சு ஆயிருச்சுங்களே."

ஆறு மணி வரை பொறுத்தால் அவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்து போனால் திரும்பி வருவார்களா? உள்ளறைக் கதவோரம் என் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்ற தங்கை என்னையே பார்த்தாள்.

"ஏம்மா, உன் வாட்சச் செத்த பாரு" என்றார் அப்பா.

பார்த்தேன். நாலேகால். முந்தின நாள் காலை எட்டு மணிக்குத் திருப்பி வைத்தது. இதற்குள் இருபது நிமிஷம் பின்தங்கியிருக்கும். தாய்மாமனுடைய கடிகாரம்தான் சரி.

"நாலேகால்" என்றேன்.

அவர் குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். பெயரைப் படித்ததும் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா! இதெல்லாம் தப்பு மணி காட்டாதுங்க. என்றதுதான் கெழடாயிப் போச்சு." சரியாக ஓடிக்கொண்டிருந்த தன் கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளைப் பின்னுக்கு நகர்த்தி, என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். நான் கையை நீட்டியபடி நின்றேன். நல்ல ராகு காலத்தில், சிறுமலைப் பழச் சீப்போடு தட்டு மாறியது.

சகுனமாவது ஒன்றாவது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு தங்கைக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தால் எனக்கு அந்த நாலு முப்பத்தைந்து ஞாபகம் வரும். அவர்கள் கிணற்றில் தண்ணீர் வற்றியது என்றாலும் அதேதான். ஆனால் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் பெண் பிறந்தது, நன்றாகவே இருந்தாள்.

குழந்தையின் காதுகுத்துக்குத் தொப்பம்பட்டி போனேன். அந்தத் தாய்மாமனின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. வாட்ச் எங்கே என்று கேட்டேன்.

"பேரனுக்கு வெளையாடக் குடுத்துட்டனுங்க. இருபது வருசமாக் கட்டுனது. உங்குளுதப் பாத்துத் திருப்பி வெச்சும் கேக்கலீங்க. அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு மணிக்கே இருபது நிமிசம் பின்னால கெடந்துச்சு. ஓடிப் போயிக் கடைசி பஸ்ஸப் புடிச்சோம். அதுக்கப்புறம் எப்புடீங்க நம்புறது?"

இனி மறைத்தால் சோறு இறங்காது என்று தோன்றியது. "மாமா, உங்க வாட்சு சரியாத்தான் ஓடுச்சு. என்னுதுதான் போலி. தெரிஞ்சேதான் தப்பா மணி சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கெழவன் மனசு நோகப்படாதுன்னு சொல்றீங்க. டீச்சரம்மான்னா டீச்சரம்மாதானுங்க."

வழக்கப்படி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. என் கையைப் பார்த்தார். வெட்கம் கெட்டு நான் அன்றைக்கும் அதையேதான் கட்டியிருந்தேன்.

"இப்ப மணி என்னங்க ஆச்சு?"

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. இருபது நிமிஷம் கூட்டிச் சொன்னேன்.