பஞ்சாலையின் கைவாடை

காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் பஞ்சாலை தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். அடுத்து இடது கை. பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் வாழையிலைச் சருகைப் பிரித்து, அதிலிருந்து துளி பெலாச்சானைக் கிள்ளி, இரண்டு உள்ளங்கையிலும் சோப்புப் போடுவது போலத் தேய்த்துக்கொள்வாள். கூனி இறாலை உப்புப் போட்டு நாறவைத்து இடித்த சாமான் அது. சம்பலில் போட்டால் வாய் ஊறும். வெறும் கையில் தேய்த்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றால் வயிற்றைப் புரட்டும். லயத்துப் பெண்கள் அவளுக்குப் 'பெலாச்சான் அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கையை முகர்ந்து பார்ப்பாள்.

லாபுவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலை முடிகிற இடத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே கள்ளுக்கடைக் கிராணி, கணக்கு எழுதி அளந்து ஊற்றுகிறவன். லயத்தில் கடைசி அறை எனக்கு, அதை ஒட்டிய அறை பஞ்சாலைக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் அடுப்பில் என்ன வதங்குகிறது என்பது என் மூக்குக்குத் தெரியும். அது கஞ்சா இலை. வெள்ளைக்காரன் இருந்தபோது அந்த வாடைக்கு ஜெயில். ஜப்பான்காரன் வந்த பிறகு ஜெயிலெல்லாம் இல்லை, நேரே சயாம். ரயில் பாதை போடப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று லயத்தில் யாரும் உரக்கக் கேட்பதில்லை.

ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். சாக்கைப் பிரித்துத் தைத்த ரவிக்கை. மூக்குத்தி மரவள்ளிக் கிழங்குக்குப் போய்விட்டது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க அதில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகியிருப்பாள். காட்டில் புல் வெட்டும்போது பேசவே மாட்டாள், வேலை வாங்கும் மண்டோரின் விசில் கேட்டால் மட்டும் மண்வெட்டி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். கஞ்சா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 'பச்ச' என்பாள். அல்லது 'முனியோட எல'.

அவள் புருஷன் மாயாண்டியை எனக்குத் தெரியும். சாதுவான மனுஷன். பால் மரக் காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியவன். இரவில் ஒரு சிட்டிகை புகைத்தால்தான் தூக்கம் வரும். சண்டைக்கு முந்திய வருஷம் சிரம்பானில் போலீஸ் அவன் மடியைத் தடவி, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தது. ஜெயிலிலிருந்து அவன் இருமலோடு திரும்பி வந்தான். அந்த இருமல் அவனைக் கொண்டுபோனது.

"பொட்டலம் என்னா பெருசுங்க, கிராணி ஐயா? சுண்டுவிரலு. அதுக்கு ஒரு உசுரு," என்று ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள்.

சட்டம் என்றால் ஒரு காரணம் இருக்கும், ஆள் சோம்பேறியாகிவிடுவான் என்றுதானே தடுத்திருக்கிறார்கள் என்றேன். அரசாங்கச் சம்பளம் வாங்காத நான் எதற்கு அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்கினேனோ தெரியவில்லை.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க அளந்து ஊத்துற கள்ளு யாரு கடை? தொரை கடை. சம்பளத்த ஒரு கையில குடுத்து, மறு கையில வாங்கிக்கிட்டாரு. சீனனுக்கு அபினி வேணும்னா சர்க்காரே கடை தொறந்து வெச்சிருந்திச்சு. அதெல்லாம் குத்தமில்ல. கேக்க நாதி இல்லாம மண்ணுல மொளைக்கிற எல மட்டும் குத்தமா? கள்ளு குடிச்சவன் பொண்டாட்டி மண்டைய ஒடைக்கிறான். இத குடிச்சவன் பொத்திக்கிட்டுப் படுக்கிறான். யாரப் புடிக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. என் கடை வாசலில் உடைந்த மண்டைகளை நானே எண்ணெய்த் துணி வைத்துக் கட்டியிருக்கிறேன்.

"அப்படியென்றால் எல்லாரும் புகைக்கட்டும் என்கிறாயா?"

"ஐயய்யே! சின்ன பயலுக்குக் கிள்ளிக்கூடத் தர மாட்டேன். கள்ளு மாதிரி இதையும் கடையில வெச்சு, அளந்து குடுக்கட்டுமே. காசுக்கு வித்து ஊரக் கெடுக்கிறவன் இருந்தா அவனப் புடிக்கட்டும். நோவுக்கு மடியில வெச்சிருக்கிறவன எதுக்குங்க புடிக்கணும்? வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் சட்டம் மட்டும் போவலியே." சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்த்தாள். குழாயடியில் யாருமில்லை. இருந்தாலும் கையை முகர்ந்தாள்.

இவ்வளவும் செத்துப்போன புருஷனுக்காக அல்ல. அவள் தம்பி சன்னாசி சயாமில் செத்துவிட்டதாகத்தான் தோட்டத்துக் கணக்கு. ஆனால் அவன் ஓடி வந்துவிட்டான். லயத்துக்குப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகையின் பரணில், வைக்கோலுக்கு அடியில் கிடந்தான். அவன் காலில் முழங்காலுக்குக் கீழே சதையே இல்லை என்று பஞ்சாலை சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் எனக்கில்லை. மருந்து என்று ஒன்று அப்போது எங்கும் கிடையாது. புண்ணின் வலி ஏறினால் அவன் அலறுவான். அலறினால் அவன் போய்விடுவான், அவள் போய்விடுவாள், பக்கத்து அறையில் இருந்துகொண்டு வாயைத் திறக்காத நானும் போய்விடுவேன்.

அதனால்தான் அந்த இலை. செம்பனை எண்ணெயில் வதக்கி, அவித்த மரவள்ளியோடு பிசைந்து, நெல்லிக்காயளவு உருட்டி, புல்கட்டுக்குள் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோவாள். அதைத் தின்றால் சன்னாசி சுருண்டு படுத்துக்கொள்வான். வலி இருக்கும், சத்தம் இருக்காது. செடி முளைத்திருந்தது முனியாண்டி கோயிலுக்குப் பின்புறம். கோயில் என்றால் ஒரு புளியமரம், அதன் கீழே ஒரு கல், ஒரு சூலம். ஆடி மாசம் மண்டோர் நல்லசாமிமேல் முனி இறங்கும். இறங்கிய முனிக்குச் சுருட்டும் கள்ளும் அந்த இலையும் கொடுப்பது பாட்டன் காலத்து வழக்கம். மண்டோர் அதைப் பிடித்துப் புகைவிட்டுக் குறி சொல்லுவான். அது சாமி புகைத்தது. அதற்குச் சட்டம் கிடையாது.

ஒருநாள் வெயில் ஏறும் நேரத்தில் லாரிச் சத்தம் கேட்டது. சிப்பாய்கள் இறங்கினார்கள். சயாமுக்கு ஆள் போதவில்லையாம். அறை அறையாகச் சோதனை. பதுக்கல் அரிசியோ, கள்ளச் சாமானோ யார் அறையில் இருந்தாலும் அந்த ஆளை ஏற்றிக்கொள்வார்கள். காட்டிலிருந்த எல்லாரையும் விசிலடித்து வரவழைத்து, அவரவர் அறை வாசலில் நிற்க வைத்தார்கள். பஞ்சாலை அன்றைய உருண்டைகளைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். தட்டு உள்ளே இருந்தது.

அவள் உள்ளே போனாள். வரும்போது அந்தத் தட்டு அவள் கையில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி. உருண்டைகள்மேல் திருநீறு, ஒரு செம்பருத்திப் பூ, பக்கத்தில் ஒரு சுருட்டு.

சிப்பாய் ஓர் உருண்டையை எடுத்து முகர்ந்தான். "இனி ஆப்பா?" என்று மலாயில் கேட்டான். இது என்ன?

கூட வந்த நல்லசாமிக்கு அந்த வாடை தெரியாமலா இருக்கும். அவன் முகம் வெளுத்தது. பஞ்சாலை அவனைப் பார்த்துத்தான் பேசினாள். "மண்டோரய்யா, முனிக்குப் படையல். சாமி எலதான். ஆடி மாசம் நீங்க கேட்டு வாங்குவீங்களே, அது. சொல்லுங்க அவங்ககிட்ட."

நல்லசாமி சூலத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தான், துப்பாக்கியை ஒரு தடவை பார்த்தான். எது பெரிய பயமோ, வானத்தைக் காட்டிக் கும்பிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே ஜப்பான் வார்த்தையைச் சொன்னான். "காமி... காமி." சாமி.

சிப்பாய் தலையாட்டினான். ஆனால் அவன் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விஷமோ என்று நினைத்தானோ, வேடிக்கை பார்க்க நினைத்தானோ, உருண்டையை மண்டோரின் வாயருகே நீட்டி, "மாக்கான்!" என்றான். தின்னு. சாமிக்கு வைத்ததைச் சாமியாடி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம் என்பதைப் பஞ்சாலை அந்த அவசரத்தில் நினைக்கவில்லை. மண்டோர் ஒன்றைத் தின்றான். சிப்பாய் சிரித்துக்கொண்டே தட்டையே நீட்டினான். தட்டு காலியாகும்வரை பஞ்சாலை மண்டோரின் வாயைப் பார்த்தபடி நின்றாள்.

லாரி சாயங்காலம்தான் திரும்புமாம். சிப்பாய்கள் நிழல் தேடிப் போய் உட்கார்ந்தது புளியமரத்தடியில். அவர்கள் முதுகுக்குப் பின்னால் செடி. கல்லெறி தூரத்தில் கொட்டகை. நல்லசாமி கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு என் கடைச் சுவரில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான். அவன் யாரையும் அடிக்காத பகல் அது ஒன்றுதான்.

பஞ்சாலை புல்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். நான் அவசரமாக ஒரு குவளை கள்ளை எடுத்து நீட்டினேன். "தம்பிக்குக் கொடு."

"வேணாங்க. கள்ளு உள்ள போனா அவன் கத்துவான். நேத்திக்கு குடுத்த உருண்ட எறங்கியிருக்கும் இந்நேரம்."

அவள் கொட்டகைக்குள் போவதை ஒரு சிப்பாய் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். கடையில் ஆளில்லை, இருந்தும் நான் குவளைகளைக் கழுவிக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு தடவை கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்றுக்குட்டியின் சத்தம் என்றும் சொல்லலாம். சிப்பாய் எழுந்து நின்றான். கொட்டகைப் பக்கம் பார்த்தான். என் கையிலிருந்த குவளை விழுந்து உருண்டது. அவன் அதையும் பார்த்தான். நான் இளித்தேன். வெகுநேரம் நின்றுவிட்டு அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு கொட்டகையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பொழுது சாயும்வரை ஒன்றுமே கேட்கவில்லை. சன்னாசி செத்துவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். அப்படியாவது முடியட்டும் என்றுகூட நினைத்தேன்.

லாரி வந்தது. அரிசி பதுக்கி வைத்திருந்த இராஜமாணிக்கத்தை ஏற்றிக்கொண்டு போனது. அவன் பெண்டாட்டி செம்மண்ணில் புரண்டு அழுதாள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஞ்சாலை வந்தாள், முந்தானையால் இரண்டு கையையும் போர்த்தியபடி. "தூங்கிட்டான்," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு அவள் கோயில் பக்கமிருந்து வந்தாள். பனியில் கால் நனைந்திருந்தது. நல்லசாமி வீங்கிய கண்ணோடு விசிலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான், அவள் பக்கம் திரும்பவில்லை. வரிசையில் நின்றதும் வழக்கம்போலக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். முந்தானை நழுவியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மனிதப் பல்வரிசைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, சில இடங்களில் தோல் பிய்ந்து.

நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். வாழையிலைச் சருகைப் பிரித்தாள். பெலாச்சானைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தாள், பிறகு மணிக்கட்டில், பிறகு அந்தப் புண்கள்மேல் முழங்கைவரை அழுத்தித் தேய்த்துவிட்டு, கையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.